இரண்டாவது பிள்ளைக்கு எவ்வளவு?

எங்கள் தெருவில் குடியிருக்கும் தேவி ஒரு பாங்கு அதிகாரியின் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் வாசலில் வந்து நின்றுகொண்டு, "அந்தம்மா மறுபடியும் முழுவாம கீது ஆயா. ரெண்டாவது கொயந்தைக்கு எவ்ளோ ஏத்திக் கேக்கறது?" என்றாள்.

ஏதாவது ஒரு தொகையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள் நான். மொத்தம் பதினோரு பிள்ளைகள். தேவி கேட்ட அதே கேள்வியை ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதிலை ஒரு தொகையில் அடக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் எட்டாவது வரை படித்த தமிழ் இவ்வளவுக்குப் போதும்.

என் பெயர் அருளம்மாள். கணவர் டைபாய்டு காய்ச்சலில் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. என் மகள் ஸ்டெல்லா அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள். அவளை எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம். அங்கிருந்த தலைமை நர்ஸ் எங்கள் விரல் நகங்களைத் தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பார். குழந்தையைத் தொடுவதற்கு முன் கை கழுவுவது, துணியைக் கொதிக்கவைப்பது, குறைமாசப் பிள்ளையைப் பஞ்சில் பொதிவது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. அந்தச் சம்பளத்தில் ஒரு வயிறுதான் நிறையும். எனக்கோ இரண்டு வயிறு.

வீடுகளுக்கு ஆள் பார்த்துவிடும் ஒரு அம்மாள் காசிமேட்டில் இருந்தார். அவர்தான் என்னை மிளகாய் மண்டிக்காரர் வீட்டில் சேர்த்தார். சேர்க்கும் முன் ஒன்று சொன்னார். "ஒனக்கு கொயந்த கீதுன்னு மட்டும் சொல்லிடாத. மனசு அங்க ஓடும்னு எந்த வூட்லயும் சேத்துக்க மாட்டாங்க." நான் சொல்லவில்லை. மாதம் பதினைந்து ரூபாய், சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் விடுப்பு. கோயிலுக்குப் போய்விட்டு அக்காவைப் பார்த்து வருவேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். நாடு விடுதலையாகி ஒரு வருஷம் இருக்கும் அப்போது.

முதலாளி தங்கவேல் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கீழே மிளகாய் குடோன். அவர் அதைக் கிட்டங்கி என்பார். தெருவைப் பார்த்த முன்பக்கம் கடை, மேலே வீடு. மாடிப்படியில் கால் வைத்தாலே தும்மல் வரும். ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. அவர் மனைவி பொன்னம்மாளுக்கு இருபத்தோரு வயது. என்னைவிடச் சின்னவர். மூத்த பிள்ளை சரசு. நான் சேர்ந்தபோது ஏழு மாதக் குழந்தை.

பொன்னம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் செய்த வேலை பிடிக்கவில்லையென்றால் எதிரே உட்கார்ந்து அதையே மறுபடி செய்வார். நான் மடித்த துணியைப் பிரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துவைப்பார். பால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன். எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்பக் கழுவுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு வேலையை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார். ஆறு மாதத்தில் சரசுவின் துணியும் பாலும் தூக்கமும் முழுக்க என் பொறுப்பாகிவிட்டன.

சரசுவுக்கு இரண்டு வயது முடியும் சமயத்தில் பொன்னம்மா மறுபடி உண்டானார். ஆறாம் மாதம் நடக்கும்போது நான் கேட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். முதலாளி சாப்பிட்டு வெற்றிலை போடும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். பொன்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, ரெண்டாவது கொயந்த வரப் போவுது. சம்பளத்த கொஞ்சம் பாத்து ஏத்திக் குடுக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை. வியாபாரம் பேச ஒரு ஆள் வந்த சந்தோஷம்தான் தெரிந்தது.

"நாலு மூட்டை எடுக்கவனுக்கும் நாப்பது மூட்டை எடுக்கவனுக்கும் ஒரே வெலையா போடுதேன்? கூட எடுத்தா கொறைக்கணும். அதுதான் மொறை. நீ என்னன்னா ஒண்ணு ரெண்டாவுதுன்னு கூட்டிக் கேக்க."

"மூட்டைய எங்க வெச்சா அங்கியே கெடக்கும் மொதலாளி. இதுங்க ரெண்டும் ஒரே நேரத்துல அழுவும்."

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பொன்னம்மா சிரிக்கவில்லை, பாக்குவெட்டியை நிறுத்தி என்னையே பார்த்தார். மூன்று ரூபாய் ஏறியது. பதினெட்டு. எனக்கு ஜெயித்துவிட்ட பெருமை. அன்று கேட்க வேண்டியது வேறு என்று பிறகுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே பையன் பிறந்துவிட்டான். பிழைக்கிற பிள்ளை இல்லை என்று பார்த்தவர்கள் முகம் சொன்னது. வந்து பார்த்த லேடி டாக்டர், "ஆஸ்பத்திரியில் ஒரு ஆயா செய்வதை வீட்டில் ஒருவர் விடாமல் செய்தால் பார்க்கலாம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலாளி கீழே போய்க் கடையின் சிறிய தராசைத் தூக்கி வந்தார். தட்டைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன், பிள்ளைக்கு மிளகாய்க் காரம் ஒட்டிவிடக் கூடாதே என்று. பழந்துணி விரித்துக் கிடத்தினோம். ஒரு வீசையும் ஆறு பலமும் இருந்தான். இப்போதைய கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரம் மூட்டை நிறுத்த அந்தக் கை, ஆறு பலக் கல்லைச் சத்தம் வராமல் எடுத்து வைத்தது.

செய்ய வேண்டியது இதுதான். பஞ்சை மெத்தை போலப் பரப்பி, பிள்ளையை முகம் மட்டும் தெரியும்படி பொதிய வேண்டும். இரண்டு பக்கமும் கால் பக்கமும் வெந்நீர் பாட்டில், ஒவ்வொன்றும் துணி சுற்றியது. பாட்டிலை முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். என் கன்னம் பொறுத்தால்தான் அவனுக்கு. குளிப்பாட்டல் கிடையாது, எண்ணெய் தடவல் மட்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் தாய்ப்பாலைப் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றி, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு விட்டால் தொண்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் அடுத்தது. மூன்று விழுங்கலுக்கு ஒருமுறை மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். உதடு நீலம் பாரித்தால் உள்ளங்காலைச் சுண்ட வேண்டும். ஒரு பாலாடை இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். துணி மாற்றி, பாட்டில் மாற்றி நிமிர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

பொன்னம்மாவுக்குப் பிரசவக் காய்ச்சல். எழுந்து உட்காரவே மூன்று வாரம் ஆயிற்று. பிள்ளையைத் தொட அவருக்குப் பயம். "என் கை பட்டு ஏதாவது ஆயிரும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வழக்கமாக ராத்திரி காசிமேட்டு அம்மாள் வீட்டுத் திண்ணையில் போய்ப் படுக்கும் நான் அங்கேயே பாய் போட்டுத் தங்கிவிட்டேன். பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் வாரம் நாலு பலம் இறங்கினான். இரண்டாம் வாரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாம் வாரம் இரண்டு பலம் ஏறினான். முதலாளி படியில் நின்று கீழே குனிந்து, "ரெண்டு பலம் கூடிருக்குடே" என்று சொன்னார். கீழே மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டியது மாடிக்குக் கேட்டது.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணூர் ரயிலின் ஊதல் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்புவேன். ஸ்டெல்லாவுக்கு அப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் ஸ்டேஷன் வழியிலேயே வந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் விடுவார்களா? விட்டாலும் பாலாடையை யார் பிடிப்பது? கேட்கவில்லை.

இன்னொருத்தியும் அந்த வீட்டில் என்னை இழந்திருந்தாள். சரசு. இரண்டு வருஷமாக என் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை. இப்போது என் மடியில் வேறொன்று. என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "இரு கண்ணு, இரு கண்ணு" என்பேன். கொஞ்ச நாளில் இழுப்பதை நிறுத்திவிட்டாள். அது நல்ல குணம் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

ஐந்தாவது வாரம் ஒரு காலை. பையனுக்குப் பாதிப் பாலாடை இறங்கியிருந்தது. கீழே குடோனிலிருந்து ஒரு வீறிடல். சரசுவின் குரல். மாடிப்படிக் கதவைப் பார்த்தேன், திறந்து கிடந்தது. இரண்டு கையிலும் வெந்நீர்ப் பாட்டிலோடு நான்தான் கடைசியாக அந்தக் கதவைக் கடந்தவள். தாழ்ப்பாளைப் போடாதது நான்.

பாதியில் கீழே கிடத்தினால் பால் மூச்சுக்குழலில் ஏறிவிடும். பொன்னம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்து. நான் யோசிக்கவில்லை. போய் அவர் மடியில் பிள்ளையை வைத்து, பாலாடையைக் கையில் திணித்தேன்.

"எனக்குத் தெரியாதுளா" என்றார்.

"தலைய ஒசத்திப் புடிச்சிக்க. ஒரு சொட்டு உடு. முழுங்கிச்சான்னு பாரு. அப்பாலதான் அடுத்தது." முதலாளியம்மாவை அப்படி ஒருமையில் பேசியது அன்று ஒருநாள்தான். சொல்லிக்கொண்டே ஓடினேன்.

காம்பு கிள்ளக் கொட்டிவைத்திருந்த மிளகாய்க் குவியலுக்கு நடுவில் சரசு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் அளைந்து விளையாடிவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்த்திருக்கிறாள். கண் திறக்க முடியவில்லை. காம்பு கிள்ளும் கன்னியம்மா அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "கைய புடிச்சிக்க, கண்ணாண்ட போவாம பாத்துக்க" என்றேன். தொட்டியருகே கொண்டுபோய்த் தலையைச் சாய்த்து, குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே இருந்தேன். குடம் குடமாக. அவள் என்னைக் கடித்தாள். பிறகு ஆறின பசும்பாலில் துணியை நனைத்து இமைமேல் வைத்தோம். அழுகை விம்மலாகி, கடைசியில் ஒரு கண் மட்டும் கொஞ்சம் திறந்து என்னைப் பார்த்தது.

முதலாளி வந்துவிட்டார். சரசுவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன், அவரும் பின்னாலேயே ஏறினார். அறைக்குள் வந்ததும், "இதுக்கா ஒனக்கு மூணு ரூவா கூட்டிக் குடுத்தேன்?" என்றார். "ஒரு பிள்ளையப் பெத்து வளத்திருந்தா ஒனக்குத் தெரியும் அந்த அருமை."

இரண்டு வருஷம் மூடிவைத்திருந்த வாய் அப்போது திறந்துகொண்டது.

"எனக்கும் ஒண்ணு கீது மொதலாளி. பொண்ணு. ஆறு வயசு."

நான் சரசுவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னேன். "சொன்னா வேலைக்கி வெக்க மாட்டீங்கன்னு மறைச்சேன். அது என் தப்பு. கதவ தாப்பா போடாததும் என் தப்புதான். ஆனா எனக்கு ரெண்டே கையி. இவனுக்கு ரெண்டும் வேணும், இவளுக்கும் ரெண்டும் வேணும். இன்னும் பத்து ரூபா ஏத்திக் குடுத்தாலும் எனக்கு கையி மொளைக்காது."

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். பொன்னம்மா குனிந்த தலை நிமிராமல் பாலாடையைப் பிடித்திருந்தார். அது காலியாக இருந்தது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எங்க இருக்கா பிள்ளை?" என்று கேட்டார்.

"நெட்டுக்குப்பத்துல. எங்க அக்கா வூட்ல."

"ஞாயித்துக்கிழமை அங்கதான் போவியா?"

"ஆமாம்மா."

"எத்தனை வாரமாப் போகலை?"

"அஞ்சு."

அவர் காலிப் பாலாடையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். வேலையைவிட்டு அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "கீழ காம்பு கிள்ளுதாள்லா கன்னியம்மா, அவளை நாளையிலேர்ந்து மேல அனுப்புங்க. சரசுவை அவ பாக்கட்டும். அவளுக்குக் கிட்டங்கிக் கூலிக்கு மேல போட்டுக் குடுங்க. இவளுக்கு இருவத்தஞ்சு." பிறகு என்னிடம், "ஞாயித்துக்கிழமை நாலு வேளை பாலு நான் குடுத்துக்கிடுதேன். நீ காலையிலயே போயிட்டு வா. அதுக்குள்ள எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துரு."

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணூரில் இறங்கியபோது ஸ்டேஷன் வழியில் யாரும் இல்லை. அக்கா வீட்டில் காயப்போட்ட வலைக்குப் பின்னால் ஸ்டெல்லா நின்றிருந்தாள். கூப்பிட்டேன், வரவில்லை. கிட்டே போனால் இரண்டு அடி நகர்ந்துகொண்டாள். வெகு நேரம் கழித்து, கடலைப் பார்த்தபடியே கேட்டாள்: "உன் புள்ளைங்க நல்லா கீதுங்களா?"

எத்தனையோ பிள்ளைகள் என்னைக் கடித்திருக்கின்றன, உதைத்திருக்கின்றன. அது போல ஒன்றும் வலித்ததில்லை. வலைக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போதுதான் வந்து என் விரலைப் பிடித்தாள். அடுத்த வாரம் பாதி வழியில் நின்றாள். அதற்கடுத்த வாரம் ஸ்டேஷனில். கூடக் கிடைத்த ஏழு ரூபாயில் ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் அறை பிடித்தேன். வருஷம் திரும்புவதற்குள் அவளை என்னோடு கூட்டிவந்து பள்ளியில் சேர்த்தேன்.

பையன் மூன்றாம் மாதம் இரண்டு வீசை ஆனான். முருகேசன் என்று பெயர் வைத்தார்கள். முதல் வருஷம் முடிந்தபோது அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் தள்ளிவிட்டு ஓடும் தடியனாகியிருந்தான். பிறந்தநாள் ஆன மறுவாரம் முதலாளி பேச்சை ஆரம்பித்தார். நான் அறைக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பையன் தேறிட்டான். இப்ப பாலாடையும் இல்லை, பாட்டிலும் இல்லை. கஷ்டத்துக்காகத்தானே கூட்டினோம்? பழையபடி பதினெட்டு ஆக்கிரலாம்லா?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. வேலை குறைந்துதான் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அறை வாடகையை நினைத்து மனதுக்குள் அழுதுகொண்டு.

பொன்னம்மாவின் குரல் கேட்டது, எப்போதும் போல மெதுவாக. "பிள்ளை செத்திருந்தா அன்னிக்கே கொறச்சிருப்பிய. பிழைச்சதுக்கும் கொறச்சா எப்படி? நல்லாப் பாத்ததுக்கு அவளுக்கு அபராதமா?"

சம்பளம் குறையவில்லை. அந்த மனுஷரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் அவரே ஒரு பை நிறைய நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து, "உம் பிள்ளைக்கு" என்று என்னிடம் கொடுத்தார். மிளகாயை விலை பேசியே வளர்ந்தவர். ஆள் விஷயம் அவருக்கு மெதுவாகத்தான் விளங்கும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம். பிள்ளைகள் இரண்டும் கன்னியம்மாவோடு கீழே போயிருந்தன. நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பொன்னம்மா வந்து கதவைச் சாத்தினார். வழக்கமாக நாற்காலியில் உட்காருபவர், வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு துணியை எடுத்து மடித்தார். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. நான் மடித்தபடியேதான் அவரும் மடித்தார்.

"ரெண்டு மாசம் தள்ளிப்போயிருக்கு" என்றார்.

"மொதலாளி இன்னா சொன்னாரு?"

"அவுககிட்ட இன்னும் சொல்லலை." அடுத்த துணியை எடுத்துக்கொண்டார். "ஒனக்கு என்னென்ன வேணும்னு மொதல்ல நீ சொல்லு. அவுகளுக்கு அப்புறமாச் சொல்லிக்கிடலாம்."

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.